நாலெல்லைக் குருநாதன்

காலையில் ராமநாதபுரம் பதிவாளர் அலுவலகத் தெருவில் எதிரே வரும் குருநாதனுக்கு நீங்கள் வணக்கம் சொன்னால், “முந்நூத்து நாப்பத்தாறு” என்று பதில் வரும். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மனிதர் அடி எண்ணிக்கொண்டு வருகிறார். எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மறக்காது என்பது அவர் அனுபவம். சைக்கிள் கடை வாசலை அடைந்ததும் நின்று, சட்டைப்பையிலிருக்கும் துண்டுத்தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடிவந்து உங்களைப் பிடிப்பார். “இப்பச் சொல்லுங்க. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

வீட்டிலிருந்து சைக்கிள் கடைக்கு மேலுள்ள அவருடைய மாடியறைக்கு ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு அடி. அதற்கு மேல் பத்து கூடினால் அன்று கால் சோர்ந்திருக்கிறது, நிலம் அளக்கப் போகக்கூடாது என்று அர்த்தம். ஒருநாள் நடுவழியில் ஒரு கல்யாண ஊர்வலம் குறுக்கிட்டது. நாதஸ்வரத்தில் எண்ணிக்கை தப்பிவிட, மனிதர் வீட்டுக்கே திரும்பிப்போய் முதலிலிருந்து நடந்துவந்தார். மாப்பிள்ளை வீட்டார், தங்களிடம் தாம்பூலம் வாங்க வந்தவர் ஏன் ஓடுகிறார் என்று திகைத்தார்களாம்.

வயது ஐம்பதை நெருங்குகிறது. ஒல்லி உடம்பு, வெயிலில் காய்ந்த கழுத்து. வலது கைக் கட்டைவிரல் நகத்தில் நிரந்தரமாக இந்தியன் இங்கின் கறை. சொந்த ஊர் அபிராமம். ஜமீன் கச்சேரியில் படம் நகலெடுக்கும் டிரேசராகப் பதினேழு வருஷம் குனிந்தே இருந்தவர். ஜமீன்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது கச்சேரியும் போயிற்று, டிரேசர் உத்தியோகமும் போயிற்று. இனி ஊரோடு போய் மிளகாய் பயிரிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ஒரு பெரிய மேஜையை மாடிப்படியில் ஏற்ற முடியாமல் ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி ஏற்றினார்.

அந்த வருஷங்களில் ஜமீன் ஊர்களையெல்லாம் சர்க்கார் சர்வேயர்கள் அளந்துகொண்டு வந்தார்கள். தங்கள் நிலம் தங்களுடையதுதான் என்று ஜனங்கள் காட்டியாக வேண்டும். அவர்களிடம் இருந்ததோ பத்திரம். பத்திரத்தில் இருப்பது சொல். சர்வேயர் கேட்பது கோடு. ‘ஆலமரத்துக்குக் கிழக்கு, கள்ளிவேலிக்குத் தெற்கு’ என்று தாத்தா எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். ஆலமரம் விறகாகிப் பேரன் கல்யாணத்துக்குச் சோறு பொங்கி முடிந்திருக்கும். அந்தச் சொல் தரையில் எந்த இடத்தில் விழுகிறது என்று கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் குருநாதன் தானாகத் தேடிக்கொண்ட தொழில். ஊர் அவருக்கு ‘நாலெல்லை’ என்று பட்டம் கொடுத்துவிட்டது.

பத்திரத்தை அவர் கையில் வாங்கமாட்டார். வந்தவர்களையே படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கேட்பார். படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் கீழே சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். பிறகு நிலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். “தண்ணி எங்கன எடுக்குறீக? வண்டி எந்தப் பக்கமாப் போகும்? காலையில நெழலு யாரு பக்கம் விழும்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எல்லைகளை ஆட்களைப்போலப் பேசுவது அவர் வழக்கம். “கெழக்கன் உண்மையச் சொல்லுறான். தெக்கன் கொஞ்சம் இழுக்குறான். இந்த வடக்கன்தான் ஊரை விட்டே ஓடிட்டான் போல.”

அறையின் மூலையில் ஒரு தகரக் குழாய். அதற்குள் இருப்பது ‘பெரிய படம்’. சர்வே இலாகா ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அச்சடித்த தரைப்படம். ஒரு மைல் நிலம் ஓர் அங்குலத்தில் அடங்கியது. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர் விற்றுவிட்டுப் போன சாமான்களுக்கிடையில் கிடைத்தது. துண்டு துண்டாக நறுக்கித் துணியில் ஒட்டியிருக்கும். மேடுகளுக்குப் பழுப்புக் கோடு, மணலுக்குப் புள்ளி, கிணற்றுக்கு நீல வட்டம். அந்த வட்டத்தைக் காட்டும்போது அவர் குரலே தாழ்ந்துவிடும். “இதுல ஊசி குத்துற எடம் தரையில பதினஞ்சு கஜம். அதனால படத்தை நம்பலாம், ஆனா படத்தை மட்டும் நம்பக்கூடாது.” கட்டம் போட்டுப் பதினாறு மடங்கு பெரிதாக்கித் தாளில் வரைந்துகொள்வார். பத்திரத்தின் சொற்களை, அடியில் இருப்பது தெரியும் மெழுகுத்துணியில் அதே அளவில் கோடாக வரைவார். பிறகு துணியை அந்தப் பெருக்கிய படத்தின்மேல் போட்டு, அது தானாகப் போய் ஓரிடத்தில் உட்காரும்வரைக்கும் இப்படியும் அப்படியும் நகர்த்துவார். சில நேரம் அதற்கு ஒரு நிமிஷம் ஆகும், சில நேரம் ஒரு வாரம்.

வேலை முடிந்த துணியை எறிவதில்லை. அவர் மனைவி இராமலட்சுமி அதை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் கஞ்சியும் மெழுகும் போய் மல்லுத்துணி மாதிரி மென்மையாகிவிடும். அவர் வீட்டுத் தலையணை உறையை உற்றுப் பார்த்தால் ஏதாவதொரு ஊரின் கண்மாய்க்கரை மங்கலாகத் தெரியும். “எங்க வீட்டுல பெருநாழிக் கம்மாய் மேலதான் தலை வச்சுப் படுக்கிறோம்” என்று இராமலட்சுமி விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு.

ஒரு விஷயத்தை மட்டும் குருநாதன் தானாகச் சொல்லமாட்டார். தொழில் தொடங்கிய முதல் வருஷம் சொந்தத் தாய்மாமனுக்காக ஒரு வரப்பைப் பேனாக்கோட்டின் தடிப்பளவு நகர்த்திப் போட்டுக் கொடுத்தார். தாளில் மயிரிழை, தரையில் மூன்று கஜம். அந்த மூன்று கஜத்தில் பக்கத்து நிலத்துக்காரரின் வண்டிப்பாதை அடைபட்டுப்போயிற்று. அறுவடைக்காலத்தில் அந்த மனிதர் கதிர்க்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு வரப்பு வரப்பாய்ச் சுற்றிப்போவதைக் குருநாதன் பார்த்தார். மறுவாரமே தாலுகா ஆபீசுக்குப் போய், தாம் போட்ட கோடு தப்பு என்று எழுதிக் கொடுத்தார். பாதை திறந்தது. மாமன் வீட்டு வாசல் மூடிக்கொண்டது. இன்றுவரை அந்த வீட்டு விசேஷத்துக்கு இவருக்கு அழைப்பில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆவணி மாதம் பாக்கர் என்றொருவர் அவர் அறைக்கு வந்தார். கொழும்பில் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர், விடுமுறையில் வந்திருந்தார். சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில் அவர் ‘லாத்தா’ என்றழைக்கும் அக்கா உம்மு ஹபீபா தனியே இருக்கிறார். கணவர் தோணியில் சரக்கு ஏற்றிப் போனவர், காய்ச்சலில் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அக்காளுக்கு இருப்பது நாற்பது பனை நிற்கும் ஒரு தோப்பு. பனைகளைக் குத்தகைக்கு விட்டு வரும் வரும்படியில்தான் அவர் சாப்பிடுகிறார். இப்போது அந்தத் தோப்பைப் புறம்போக்கு என்று குறித்துவிட்டார்கள்.

“சர்வேயர் மேல தப்பு சொல்ல முடியலண்ணே” என்றார் பாக்கர். “பத்திரத்தைப் பாத்தாரு, எடத்தைப் பாத்தாரு, பொருந்தலன்னுட்டாரு. விசாரணைக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. அதுக்குள்ள காட்டலைன்னா தோப்பு போயிரும்.”

குருநாதன் கண்ணை மூடிக்கொண்டார். பாக்கர் படித்தார். விஜய வருஷம் தை மாதம் எழுதிய கிரயப் பத்திரம். உம்மு ஹபீபாவின் கணவருடைய பாட்டனார் வாங்கியது. ‘கடற்கரைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, சுக்கான்கல் கிணற்றுக்குக் கிழக்கு, சோணைமுத்து வகையறா தோப்புக்கு மேற்கு, இந்நான்கெல்லைக்குட்பட்ட, கீழ்மேல் அறுபது கோல் கொண்ட பனந்தோப்பு.’

“தண்ணி எங்கன எடுக்குறாக?” என்று கேட்டார் குருநாதன்.

“அதாண்ணே வம்பு. ஊருல ஒரே கெணறு. அது தோப்புக்குக் கெழக்க இருக்கு. பத்திரத்துல தோப்பு கெணத்துக்குக் கெழக்கன்னு இருக்கு. அப்ப இது வேற எடத்துப் பத்திரம்னு சொல்லிட்டாக. மேக்கால வேற ஒரு கெணறு கெடந்துச்சுன்னு லாத்தாவோட மாமியா சொல்லுவாகளாம். பாத்தவுக ஒருத்தரும் இல்ல.”

குருநாதன் தகரக் குழாயைத் திறந்தார். பூதக்கண்ணாடியைக் கடலோரத்தில் வைத்து மெல்ல மேற்கே நகர்த்தினார். பள்ளிவாசல், வண்டிப்பாதை, நீல வட்டம். இன்னும் கொஞ்சம் மேற்கே, மணற்புள்ளிகளின் ஓரத்தில், கொசு உட்கார்ந்த மாதிரி இன்னொரு நீல வட்டம்.

“தம்பி” என்றார். “உங்க மேக்கன் சாகலை. மண்ணைப் போத்திட்டுப் படுத்திருக்கான்.”

துணியை வரைந்து முடித்து, எட்டாம் நாள் அவர் அந்த ஊரில் இறங்கினார். தோப்புக்கு மேற்கே ஒரு கிணற்றையும் காணோம். ஆளுயரத்துக்குமேல் வெள்ளையாய் ஒரு மணல்மேடு கிடந்தது. வருஷா வருஷம் ஆடிக்காற்று தென்மேற்கிலிருந்து அள்ளிக்கொண்டுவந்து கொட்டிய மணல். அதன் சரிவில் இரண்டு இளம்பனைகள் கழுத்துவரை புதைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உம்மு ஹபீபா வெள்ளைத் துணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வேலிப்படலுக்கு அருகே நின்றார். அறுபதை எட்டும் வயது. அதிகம் பேசாத முகம்.

“இம்புட்டு மணலுக்கு அடியிலயா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“படம் அப்படித்தாங்க்கா சொல்லுது.”

பள்ளிவாசலிலிருந்தும் பாதைத் திருப்பத்திலிருந்தும் அளவுச்சங்கிலி பிடித்து, துணியில் குறித்திருந்த இடத்தைத் தரையில் கண்டுபிடித்துக் குச்சி நட்டார். பாக்கரும், கூலிக்கு வந்த மருதுபாண்டி என்ற வாலிபனும், குருநாதனும் மாறி மாறி வெட்டினார்கள். வெட்ட வெட்ட மணல் சரிந்தது. நார்ப்பெட்டி நார்ப்பெட்டியாய் அள்ளிக் கொட்டினார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு மாட்டுவண்டி இறங்குமளவு குழி விழுந்தது. அடியில் ஈரமணல் வந்தது. நண்டு ஒன்று வந்தது. கல் வரவில்லை.

ஊர்க்காரர்கள் சிலர் மேட்டின்மேல் குந்தி வேடிக்கை பார்த்தார்கள். “கொழும்புக்காரரு பொதையல் தேடுறாரு” என்றது ஒரு குரல். பாக்கர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, “காகிதத்துல கெணறு இருந்தா மண்ணுல இருக்கணுமாண்ணே?” என்றார்.

குருநாதன் குழியிலிருந்து ஏறி வந்து துணியை எடுத்துக்கொண்டார். இந்த ஏழெட்டு வருஷத்தில் துணி அவரை ஏமாற்றியதில்லை. பள்ளிவாசல் முகப்பில் உட்கார இடம் கொடுத்தார்கள். பெருக்கிய படத்தையும் துணியையும் விரித்து, கட்டத்தின்மேல் கட்டத்தை வைத்தார். ஒரு முனை பொருந்தியது. மறுமுனை பொருந்தவில்லை. மறுபடி வைத்தார். மறுபடியும் கட்டங்கள் ஒன்றையொன்று விட்டு விலகின. விரல் நுனியால் துணியைத் தடவிப் பார்த்தார். பிசுபிசுவென்றிருந்தது.

சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். ராமநாதபுரத்து மாடியறையில் காய்ந்து மொடமொடவென்று இருந்த துணி, கடல்காற்றின் ஈரத்தைக் குடித்து நீண்டிருக்கிறது. எட்டு அங்குலத்துக்கு ஓர் அரிசியின் தடிப்பு நீட்டம். தரையில் அது ஒன்பது கஜம்.

“பாக்கர் தம்பி! தப்பு படத்துல இல்ல, என்கிட்ட. துணி நனைஞ்சுருக்கு, நான் பாக்காம விட்டுட்டேன்” என்று ஊர் கேட்கச் சொன்னார். தப்பைச் சொல்லும்போது அவருக்கு எப்போதும் குரல் பெரிதாகிவிடும். நீண்டிருந்த அளவைக் கட்டத்துக்குக் கட்டம் கழித்து, குச்சியைக் கிழக்கே ஒன்பது கஜம் தள்ளி நட்டார்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் மருதுபாண்டியின் மண்வெட்டி ‘டங்’கென்றது. எல்லாரும் கையால் தோண்டினார்கள். வெள்ளைச் சுக்கான்கல் ஒன்று, பிறகு அதை ஒட்டி இன்னொன்று. இரண்டும் நேராகப் போகவில்லை, வளைந்து போயின. பாக்கர் குழிக்குள் முழங்காலிட்டு, “அல்லா!” என்றார்.

உம்மு ஹபீபாவை இரண்டு பெண்கள் கைபிடித்து இறக்கிவிட்டார்கள். கிணற்று விளிம்பில் கயிறு உரசி உரசித் தேய்ந்த பள்ளங்கள் வரிசையாய் இருந்தன. அவர் ஒரு பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் முழுசாக உள்ளே அடங்கியது. “எங்க மாமி இங்கனதான் தண்ணி எறைச்சிருக்காக” என்றார். “கடைசி காலத்துல கெணறு கெணறுன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாக. புத்தி பெசகிப்போச்சுன்னு நெனைச்சோம்.”

கிணறு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பாக்கர் நினைத்தார். குருநாதனுக்கோ அது பாதிதான். மேற்கெல்லை தெரிந்துவிட்டது, கீழ்மேல் அறுபது கோல். அந்தக் கரைப் பத்திரங்களில் கோல் என்றால் பன்னிரண்டடி. எழுநூற்றிருபது அடி. கிணற்று விளிம்பிலிருந்து கிழக்கே சங்கிலி போனது. பனைகளுக்கிடையில் நுழைந்து, கடைசி இழுப்பில் அது முடிந்த இடம் தோப்பின் கிழக்கு வேலிக்கு முப்பத்துமூன்று அடி உள்ளேயே இருந்தது. திரும்ப அளந்தார். அதே இடம். முடிவுக்கும் வேலிக்கும் நடுவே ஐந்து பனைகள் நின்றன.

வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு குடிசை. அங்கே வெள்ளையம்மாள் என்ற பனைத்தொழிலாளியின் விதவை, ஓலைப்பெட்டி முடைந்தபடியே இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோணைமுத்துவின் பேரன் பெண்டாட்டி.

“எங்க பக்கமும் அளப்பீகளா ஐயா?” என்று அங்கிருந்தே கேட்டாள். “எங்களதையும் பொறம்போக்குன்னு எழுதிட்டாக. எங்ககிட்ட பத்திரம் கித்திரம் ஒண்ணும் கெடையாது. ஜமீன் ரசீது இருந்துச்சு, அதையும் செல்லு தின்னுருச்சு.”

பாக்கர் குருநாதனைத் தனியே அழைத்துப்போனார். “அண்ணே, கெணறு கெடைச்சுருச்சு. அம்புட்டுத்தான் வேணும். கெழக்கால வேலியோட நிறுத்திக் கோட்டைப் போட்டுருங்க. மச்சான் காலத்துல புயலுக்குப் பெறகு கண்ணளவுக்குப் போட்ட வேலி. வேணும்னு செய்யலை. யாரு பாக்கப் போறா?”

“நான் பாத்துட்டேனே தம்பி.”

“அஞ்சு பனைண்ணே. அந்த அம்மாவுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்ல. அவுக தோப்பே தங்குமோ தங்காதோ.”

“காகிதம் இருக்கு” என்றார் குருநாதன். “உங்க கையில இருக்கு. ‘சோணைமுத்து வகையறா தோப்புக்கு மேற்கு’. அறுபத்து மூணு வருஷத்துக்கு முன்னால அங்கன அவுகளுக்குத் தோப்பு இருந்துச்சுன்னு உங்க பத்திரந்தான் சொல்லுது. அவுக பத்திரம் உங்க பத்திரத்துக்குள்ள இருக்கு.”

பாக்கருக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்க வேலைக்குத்தான் உங்களைக் கூட்டியாந்தோம். ஊரு வேலைக்கு இல்ல. வேலியோட கோடு போட முடியுமா, முடியாதா?”

குருநாதன் துணியைச் சுருட்டினார். விசாரணைக்குப் பத்து நாள்தான் இருந்தது. இவர் போய்விட்டால் வேறொருவர் வந்து வரைய நேரமில்லை என்பது இருவருக்கும் தெரியும். நாற்பது பனையை நம்பி இருக்கும் ஒரு பெண்ணை நட்டாற்றில் விடுகிறோமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. கதிர்க்கட்டைச் சுமந்து வரப்பில் போன அந்த மனிதரின் முதுகும் கண்முன் வந்தது. “முடியாது தம்பி. இருக்குறபடி வேணும்னா இப்பவே வரைஞ்சு தாரேன். வேற மாதிரி வேணும்னா நான் போறேன்” என்றார்.

“ஏலே பாக்கர்” என்று பின்னாலிருந்து உம்மு ஹபீபாவின் குரல் வந்தது. அவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது.

“லாத்தா, நீ உள்ள போ. நான் பேசிக்கிறேன்.”

“அஞ்சு பனைக்காக மத்ததையும் பொய்யாக்கச் சொல்லுறியா? நாளைக்கு அந்த ஆபீசரு முன்னாடி நிக்கப்போறது நீயா, நானா? நீ கப்பலேறிப் போயிருவ. நான் இந்த வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கணும், அவ அந்தப் பக்கம் இருக்கணும். காலைல எந்திரிச்சா மொகத்துல முழிக்கணும்.” மூச்சு வாங்கிக்கொண்டு, குருநாதனைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, உள்ளபடி போடுங்க. வெள்ளையம்மா விசாரணைக்கும் இந்தப் பத்திரம் வரும். நானே எடுத்துட்டு வாரேன்.”

விசாரணை சாயல்குடியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் நடந்தது. பெஞ்சுகளை அடுக்கி மேஜையாக்கியிருந்தார்கள். அதிகாரி கண்ணாடி போட்ட இளைஞர். வந்திருந்த கூட்டத்தில் யாருக்கும் அவர் இரண்டு நிமிஷத்துக்குமேல் கொடுக்கவில்லை. குருநாதனுடைய துணியை முதலில் தலைகீழாகப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். குருநாதன் எட்டித் திருப்பி வைத்தார். அதிகாரி தம்முடைய படத்தை எடுத்து அதன்மேல் துணியைத் தாமே நகர்த்தினார். பள்ளிவாசல் பள்ளிவாசலின்மேல் உட்கார்ந்தது. பாதை பாதையின்மேல் உட்கார்ந்தது. மேற்கே, அவர் படத்தில் வெறும் மணலாக இருந்த இடத்தில் துணியின் நீல வட்டம் விழுந்தது.

அவர் விரல் கிழக்கே போய் நின்றது. “இது வேலி. இது கோடு. கோடு வேலிக்கு உள்ளே வருதே? நீங்க இந்தம்மா தரப்புலதானே வந்திருக்கீங்க?”

“ஆமாங்க.”

“இவங்களுக்கு நஷ்டமாச்சே.”

“தரை அப்படித்தாங்க இருக்கு.”

அதிகாரி அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கூட்டத்தில் நின்ற உம்மு ஹபீபாவையும், அவருக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற வெள்ளையம்மாளையும் பார்த்தார். பத்திரத்தை ஒரு தடவை வாங்கிப் படித்து, கிழக்கெல்லை வரியின்கீழ் விரலை ஓட்டி, தம் நோட்டில் நெடுநேரம் எழுதினார். அடுத்த வாரம் தாமே ஜீப்பில் வந்து குழிக்குள் இறங்கிக் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப்பிறகு மூன்று மாதம் தகவலே இல்லை. பாக்கர் கொழும்புக்குப் போகும் பயணத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டார். குருநாதனோ வேறு ஊர்ப் பத்திரங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்துவிடுவார். அவர் மேல்விலாசத்துக்கு வரப்போகிற தபால் இல்லை அது, இருந்தாலும் திறந்துவிடுவார்.

மார்கழியில் ஒருநாள் பாக்கர் படியேறி வந்தார். மூச்சிரைக்க நின்றார். “வந்துருச்சுண்ணே. லாத்தாவுக்குப் பட்டா வந்துருச்சு. அந்த அம்மாவுக்கும் வந்துருச்சு.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “அன்னைக்குப் பேசினதை மனசுல வச்சுக்காதீக” என்றார்.

“எல்லைக்கல் ஊனணும்ல? எப்ப வரட்டும்?” என்று கேட்டார் குருநாதன்.

கல் ஊன்றப் போன அன்று கடல் ஓசையில்லாமல் கிடந்தது. மூன்று மூலைக்கும் கல் ஊன்றியாயிற்று. நாலாவது, வடகிழக்கு மூலை. அங்கிருந்து தெற்கே கடல்வரைக்கும் புதுக் கோட்டின்மேல் மருதுபாண்டி சுண்ணாம்பு தூவினான். வெள்ளைக்கோட்டுக்குக் கிழக்கே ஐந்து பனைகள். அவற்றுக்கும் கிழக்கே, இத்தனை வருஷமாக இரண்டு தோப்புக்கும் நடுவே நின்ற உடைமுள் வேலி. வெள்ளையம்மாள் தன் குடிசை வாசலிலேயே நின்றாள். பட்டா கையில் இருந்தும் வேலியைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆள் வைத்து நாளைக்குப் பிரித்துவிடலாம் என்றார் பாக்கர்.

உம்மு ஹபீபா நாளை வரைக்கும் காத்திருக்கவில்லை. தலைத்துணியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வேலியண்டை போனார். ஒரு முள்கிளையின் அடியைப் பார்த்துப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். கிளை மணலோடு பெயர்ந்து வந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் வெள்ளையம்மாள் கையிலிருந்த ஓலைப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். “நீங்க விடுங்கம்மா, கையில ஏறிரும்” என்று சொல்லிக்கொண்டே அவளும் ஒரு கிளையைப் பிடித்தாள்.

குருநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டில் சுற்றி, படக்குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியின் மறுகோடிக்கு நடந்தார். முதல் கிளையிலேயே முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு, அடுத்த கிளையைப் பிடித்தார்.